இழுவைமடியும் எல்லைக்கோடும்: பாக்கு விரிகுடாக் கடற்றொழிலின் வரலாறு – ஒரு நோக்கு

இலங்கையின் வடகரைக்கும் தமிழகத்தின் தென்கிழக்குக் கரைக்கும் இடைப்பட்ட கடலிலே தொழிலாளர் கைதுசெய்யப்படுவதும், படகுகள் பறிமுதலாவதும், வலைகள் அறுத்தெறியப்படுவதும் பல ஆண்டுகளாக ஓயாது நிகழ்ந்துவருகின்றன. இவற்றை இரு நாடுகளுக்கிடையிலான எல்லைத் தகராறாகவே நோக்கும் வழக்கம் பொதுவாகக் காணப்படுகின்றது. கச்சதீவு எவருக்குரியது, கோட்டைத் தாண்டியவர் எவர் என்னும் வினாக்களோடு விவாதங்கள் முடிந்துவிடுகின்றன. ஆயின் இக்கடலின் கடந்த ஒரு நூற்றாண்டு வரலாற்றை நுணுகி நோக்குமிடத்து, இப்பூசல் எல்லைக்கோட்டிலே தோன்றியதன்று என்பது புலனாகும். பெருமுதலீட்டை வேண்டிநிற்கும் ஒரு தொழிற்கருவிக்கும், சிறுவலையை நம்பி வாழும் குடும்பங்களுக்குமிடையே முதலிற் கரையோரத்திலே தோன்றிய முரண்பாடே பின்னர் எல்லையைத் தாண்டி விரிந்தது. இம்முரண்பாட்டின் வளர்ச்சியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடலின் இயல்பும் பழைய தொழிலும்

1763 முதல் 1767 வரை சென்னையின் ஆளுநராகவிருந்த றொபேட் பாக் என்பவரின் பெயரைத் தாங்கிநிற்கும் பாக்கு விரிகுடா ஆழங்குறைந்ததொரு கடலாகும். அதன் பெரும்பகுதி 15 மீற்றருக்கும் குறைந்த ஆழமுடையது. சேறும் மணலும் கலந்த அடித்தளமும், பரந்த கடற்புற்றிடல்களும், தெற்கே மன்னார் வளைகுடாவிலிருந்து அதனைப் பிரிக்கும் இராமர் அணையின் மணற்றிட்டுகளும் இறால், நண்டு, கடலட்டை, சிறுமீன் ஆகியன பெருகுவதற்கு ஏற்ற சூழலை அளித்துள்ளன. ஆழ்கடலின் மீன்கூட்டங்கள் பெருந்தூரம் இடம்பெயர்வன. இங்கோ வளத்தின் பெரும்பகுதி அடித்தளத்தையே சார்ந்துள்ளது. அடித்தளம் அழியின் வளமும் அழியும் என்னும் இவ்வுண்மை பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இன்றியமையாததாகும்.

இக்கடலின் இரு கரைகளிலும் வாழ்ந்தோரின் தொழிற்கருவிகள் பெரிதும் ஒத்தவையாகவே இருந்தன. கட்டுமரமும் வள்ளமும் தோணியும், கரைவலையும் களங்கண்ணியும் சிறகுவலையும், பறியும் தூண்டிலும் இவற்றுள் அடங்கும். இவற்றுட் கரைவலையே மிகுந்த ஆட்பலத்தை வேண்டியது. வலையைத் தோணியிலேற்றிக் கடலில் வளைத்துவிட்டு, இரு தலைப்புக் கயிறுகளையும் கரையில் நின்று இழுப்பர். வலை விடுதற்குரிய கரைப்பகுதி பாடு எனப்பட்டது. எப்பாட்டில் எவர், எம்முறையில் வலைவிடுவது என்பது வழக்காற்றால் வரையறுக்கப்பட்டிருந்தது. பருவக்காற்றுக்கேற்ப இடம்பெயர்ந்து தொழில்செய்யும் வழக்கமும் இருந்தது. சோளகக் காலத்தில் மேற்குக்கரைக் கடல் கொந்தளிக்க, நீர்கொழும்பு முதலிய பகுதிகளின் தொழிலாளர் முல்லைத்தீவு, கொக்கிளாய்ப் பகுதிகளுக்கு வந்து வாடியமைத்துத் தங்குவர்.

இப்பழைய அமைப்பைப் பொற்காலமாகச் சித்திரிப்பது பொருந்தாது. கரைவலைக்கு உடைமையாளனான சம்மாட்டிக்கும் வலையிழுப்போனுக்குமிடையே நிலவிய உறவு சமத்துவமானதன்று. பருவத் தொடக்கத்திற் பெற்ற முற்பணம் தொழிலாளியை அவ்வலையோடு பிணைத்தது. பிடிபட்ட மீனின் விலையைக் கரையில் நின்ற வியாபாரியே தீர்மானித்தான். சாதியமைப்பின் இறுக்கமும் கரையோர மக்களின் கல்விக்கும் சமூக உயர்வுக்கும் தடையாயிற்று. எனினும் ஓர் உண்மை கருதற்பாலது. காற்றாலும் மனித வலுவாலும் இயங்கிய அக்கருவிகளின் ஆற்றல் வரையறைக்குட்பட்டது. கடலிலிருந்து எடுக்கக்கூடியதன் அளவை அவ்வரையறையே கட்டுப்படுத்தியது.

குடியேற்ற அரசின் கவனம் நெடுங்காலமாக முத்து, சங்கு என்பவற்றின் வருவாயிலேயே நிலைத்திருந்தது. 1921 ஒக்டோபரிற் கொழும்பிலே சென்னை அரசாங்கத்தினதும் இலங்கை அரசாங்கத்தினதும் பிரதிநிதிகள் கூடி இக்கடலைப் பிரிக்கும் கோடொன்றினைப் பற்றி ஆராய்ந்தமைக்கும் அவ்வருவாயே அடிப்படையாகும். சாதாரண மீனவனின் நடமாட்டத்தைத் தடுப்பது அக்கோட்டின் நோக்கமன்று. எனவே கடல் பிரிக்கப்பட்ட பின்னரும் இரு கரை மக்களும் திருமண உறவாலும், வணிகத்தாலும், கச்சதீவின் புனித அந்தோனியார் திருவிழாவாலும் தொடர்ந்து இணைந்திருந்தனர்.

இயந்திரமயமாக்கம்

இலங்கையிற் கடற்றொழிலை அரசின் நேரடி அபிவிருத்திக்குரிய துறையாக நோக்கும் போக்கு 1940களிலேயே உருப்பெற்றது. 1940ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கடற்றொழிற் சட்டமும், அதனைத் தொடர்ந்து 1941இல் உருவான கடற்றொழிற் றிணைக்களமும் இதன் தொடக்கமாகும். சுதந்திரத்தின் பின்னர், கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா வழங்கிய உதவியும், ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனத்தின் தொழில்நுட்ப ஆலோசனையும் கிடைத்தன. 1958 முதல் 28 அடி நீளமும் மூன்றரைத் தொன் நிறையுமுடைய இயந்திரப் படகுகள் தவணைக்கடன் முறையில் வழங்கப்பட்டன. ஏறத்தாழ அதே காலத்தில் நைலோன் நூல்வலை பருத்திநூல் வலையின் இடத்தைப் பிடித்தது. 1964இல் கடற்றொழிற் கூட்டுத்தாபனம் தோற்றுவிக்கப்பட்டது.

இம்மாற்றத்தை வடபுலம் விரைவாக ஏற்றுக்கொண்டது. மயிலிட்டி, வல்வெட்டித்துறை முதலிய இடங்களின் தொழிலாளர் செவுள்வலையுடன் தூரக்கடலுக்குச் சென்று அறக்குளா, சுறா முதலிய பெருமீன்களைப் பிடித்தனர். மயிலிட்டி இலங்கையின் முதன்மையான மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்றாக உயர்ந்தது. 1960களின் பிற்பகுதியில் நோர்வே மக்களமைப்புகளின் ஆதரவுடன் தொடங்கிய சீநோர் திட்டம் காரைநகரிற் படகுகட்டும் தளத்தையும், குருநகரில் வலைத் தொழிற்சாலையையும் தந்தது. பின்னர் வந்த கண்ணாடியிழைப் படகும் வெளியிணைப்பு இயந்திரமும் சிறு தொழிலாளிக்கும் ஓரளவு எட்டக்கூடியவையாயின. 1980களின் தொடக்கத்தில் நாட்டின் கடல்மீன் உற்பத்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை யாழ்ப்பாண மாவட்டமே வழங்கியது என்பது இவ்வளர்ச்சியின் அளவைக் காட்டும்.

ஆயின் இயந்திரமயமாக்கத்தின் பயன் எல்லோருக்கும் ஒருபடித்தாகக் கிடைக்கவில்லை. கடனுக்குப் பிணைகாட்டக் கூடியோரும், கூட்டுறவுச் சங்கங்களிற் செல்வாக்குடையோருமே படகுகளை எளிதிற் பெற்றனர். எரிபொருட் செலவைக் கழித்தபின் எஞ்சிய வருமானத்திற் பங்குபெறும் கூலியாளாகப் பலர் மாறினர். முன்னர் சம்மாட்டிக்குக் கடன்பட்டோன் இப்போது படகுக்காரனுக்கோ, ஐஸ் கட்டி வாகனத்துடன் காத்திருந்த கொள்வனவாளனுக்கோ கடன்பட்டான். உற்பத்தி பெருகியபோதிலும் உற்பத்தி உறவு அதே வீதத்தில் மாறவில்லை எனலாம்.

இறாலும் இழுவைமடியும்

இயந்திரமயமாக்கத்தின் ஒரு கிளை முற்றிலும் வேறானதொரு திசையிற் சென்றது. 1952இற் கைச்சாத்திடப்பட்ட உடன்படிக்கையின்படி இந்தியாவின் கேரளக் கரையிலே தொடங்கிய இந்திய–நோர்வே திட்டம், சிறுதொழிலாளியின் வாழ்க்கைத்தரத்தை உயர்த்துவதனையே முதலில் இலக்காகக் கொண்டிருந்தது. ஆயின் யப்பானிலும் அமெரிக்காவிலும் உறைய வைத்த இறாலுக்கு ஏற்பட்ட கேள்வி அத்திட்டத்தின் போக்கையே திருப்பியது. அடித்தளத்தில் வாழும் இறாலைப் பெருந்தொகையாகப் பிடித்தற்கு ஏற்ற கருவி இழுவைமடியாகும். அந்நியச் செலாவணியை வேண்டிநின்ற அரசாங்கமும், விரைந்த இலாபத்தை நாடிய முதலீட்டாளரும் அதனை வரவேற்றனர். 1960களிலும் 1970களிலும் தமிழகக் கரையிலும் இழுவைப்படகுகள் அரசின் ஊக்குவிப்புடன் பெருகின. இராமேஸ்வரம், மண்டபம், ஜெகதாபட்டினம், கோட்டைப்பட்டினம் என்பன பாக்கு விரிகுடாவின் முக்கிய இழுவைப்படகுத் தளங்களாயின.

இழுவைமடியின் இயக்கத்தை ஈண்டு விளக்குதல் பொருத்தமாகும். அது பை போன்ற வலை. படகு முன்னே செல்லும்போது நீரின் அமுக்கத்தால் இரு பலகைகள் இருபுறமும் விலகி வலையின் வாயை விரிக்கும். பாரமேற்றிய அடிக்கயிறு நிலத்தை உராய்ந்து செல்லும். வழியிலுள்ள யாவும் பின்புறத்துச் சிறுகண் மடியிற் சேரும். இறாலோடு மீன்குஞ்சும், முட்டை தாங்கிய நண்டும், பெயர்ந்த கடற்புல்லும் வரும். உணவுக்குதவாத சிறுமீன் உலர்த்தப்பட்டுக் கோழித் தீவனத்துக்கும் மீன்மாவுக்கும் செல்லும். செவுள்வலை தன் கண்ணளவுக்கேற்ற மீனைத் தெரிந்து பிடிப்பது. இழுவைமடிக்கு அத்தகைய தெரிவு மிகக் குறைவு. ஆழங்குறைந்த பாக்கு விரிகுடாவில் அதன் உராய்விலிருந்து தப்பக்கூடிய அடித்தளப் பரப்பும் மிகச் சிறிது.

இதன் முதற் பாதிப்பு இந்தியக் கரையிலேயே உணரப்பட்டது என்பது சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. கட்டுமரத் தொழிலாளரின் வலைகளை இழுவைப்படகுகள் அறுத்துச் சென்றமையால் 1970களிற் சென்னை முதலிய இடங்களில் வன்முறை மோதல்கள் மூண்டன. 1976இல் மத்திய அரசாங்கம் இதனை ஆராயக் குழுவொன்றை நியமித்தது. 1978இல் நாட்டுப்படகு மீனவரின் தேசிய அமைப்பொன்று தோன்றியது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல்மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து மூன்று கடல்மைல் தூரத்தைச் சிறுதொழிலாளருக்கென ஒதுக்கியது. பாக்கு விரிகுடாவிற் கிழமையில் மூன்று நாட்கள் இழுவைப்படகுகளும், எஞ்சிய நான்கு நாட்கள் நாட்டுப்படகுகளும் தொழில்செய்யும் ஒழுங்கும் ஏற்பட்டது. அயல்நாட்டவர் எவரும் சம்பந்தப்படாத நிலையிலேயே, ஒரே மாநிலத்தவரை நாட்கணக்கிற் பிரித்துவைக்க வேண்டிய அளவுக்கு இக்கருவி பூசலை விளைத்திருந்தது.

இலங்கைக் கரையும் இதற்கு முற்றும் புறநடையன்று. குருநகர், பேசாலை முதலிய இடங்களில் மூன்றரைத் தொன் படகுகள் சில இறாலுக்காக இழுவைமடியை மேற்கொண்டன. எண்ணிக்கையிற் குறைவாயினும், அயலிலிருந்த சிறுவலைத் தொழிலாளருடன் அங்கும் பிணக்குகள் எழுந்தன.

1974, 1976 ஆம் ஆண்டு உடன்படிக்கைகள்

இழுவைப்படகுகள் பெருகிக்கொண்டிருந்த அதே காலத்திலேதான் எல்லைக்கோடும் சட்டவடிவம் பெற்றது. 1974 யூனில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்திரா காந்தியும் கைச்சாத்திட்ட உடன்படிக்கை, பாக்கு நீரிணையில் எல்லையை வரையறுத்தது. 285 ஏக்கர் பரப்புடைய கச்சதீவுக்கு ஒரு மைல் மேற்கே கோடு அமைந்தமையால், தீவு இலங்கைக்குரியதாயிற்று. இந்திய மீனவரும் யாத்திரிகரும் பயணப்பத்திரமின்றி அங்கு செல்லும் வழக்கம் தொடருமென அவ்வுடன்படிக்கை கூறியது. 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் எல்லை வரையறுக்கப்பட்டபோது பரிமாறப்பட்ட கடிதங்கள், ஒரு நாட்டு மீனவர் மறுநாட்டின் வெளிப்படையான அனுமதியின்றி அதன் கடலில் மீன்பிடித்தலாகாது என்று விதித்தன.

இவ்வேற்பாட்டில் இலங்கையும் ஒன்றினை இழந்தது. குமரிமுனைக்குத் தெற்கேயுள்ள வாட்ஜ் மேட்டிற் கொழும்பிலிருந்து சென்ற இழுவைக் கப்பல்கள் பல தசாப்தங்களாக மீன்பிடித்து வந்தன. அம்மேடு இந்தியாவுக்குரியதாக ஏற்கப்பட்டு, இலங்கைக் கலங்களுக்கு மூன்றாண்டு அவகாசமே வழங்கப்பட்டது. இரு அரசாங்கங்களும் இறைமை, பாதுகாப்பு, எண்ணெய்வள வாய்ப்பு என்பவற்றை மனங்கொண்டே பேசின. அக்கடலில் எத்தகைய கருவிகொண்டு தொழில்செய்யலாம் என்னும் வினா எழுப்பப்படவில்லை. கோடு வரையப்பட்டது, கோட்டின் இருபுறத்துமுள்ள பொதுவான அடித்தளத்தைப் பேணும் ஏற்பாடெதுவும் உருவாகவில்லை. பிற்காலத்து நெருக்கடியின் வித்து இவ்விடுபாட்டிலே அடங்கியிருந்தது.

போர்க்காலம்

1983இன் பின்னர் வடபுலக் கடற்றொழிலின் வளர்ச்சி அடியோடு தடைப்பட்டது. தடைசெய்யப்பட்ட கடல்வலயங்கள், தொழில்நேரக் கட்டுப்பாடு, இயந்திர வலுவுக்கும் எரிபொருளுக்கும் விதிக்கப்பட்ட வரையறைகள் என்பன தொழிலாளரைக் கரையோரத்துக்குள் முடக்கின. 1990இல் மயிலிட்டி மக்கள் இடம்பெயர்ந்தனர். அத்துறைமுகம் உயர்பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டு 2017 யூலையிலேயே மீளக் கையளிக்கப்பட்டது. 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது மன்னார்க் கரையின் முஸ்லிம் கடற்றொழிலாளரும் புத்தளம் முதலிய இடங்களில் அகதிகளாயினர். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவு, வடமராட்சி கிழக்குக் கரைகளை அழித்தது. 2009இற் போர் முடிவுற்றபோது படகையும் வலையையும் மட்டுமன்றி உழைப்பாளரையும் இழந்த குடும்பங்கள் பல இக்கரையில் எஞ்சியிருந்தன.

இவ்விடைக்காலத்தில் மறுகரையில் நிகழ்ந்தது வேறு. இந்தியப் பக்கத்தில் இழுவைப்படகுகள் தமக்குரிய கடலின் அடித்தள வளத்தைப் பெரிதும் குறைத்துவிட்டன. இராமேஸ்வரத்தை அண்டிய பகுதியில் எல்லைக்கோடு கரைக்கு அண்மையிலுள்ளது. அதில் மூன்று கடல்மைல் ஒதுக்கப்பட்டபின் இழுவைப்படகுக்குச் சட்டப்படி எஞ்சும் பரப்பு மிகக் குறுகியது. கோட்டுக்கு அப்பாலோ, உரியவர் தொழில்செய்ய இயலாமையால் வளம் எஞ்சியிருந்த கடல் விரிந்துகிடந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிரிழக்கும் இடருடனேயே அவர்கள் அதனுட் சென்றனர்; இந்திய மீனவர் பலர் உயிரிழந்தனர். ஆபத்திருந்தபோதிலும் படகுத் தொகுதி குறையவில்லை. இலங்கைக் கடலின் வளத்தைச் சார்ந்தே ஒரு துறை முழுவதும் இயங்கும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

2009இன் பின்னர்

போர் முடிவுற்றதும் வடபுலத் தொழிலாளர் கடலுக்குத் திரும்பினர். அங்கே அவர்கள் எதிர்கொண்டது இழுவைப்படகுகளையே. பாக்கு விரிகுடாவின் தமிழகப் பக்கத்தில் இத்தகைய படகுகள் 2,000க்கும் மேற்பட்டவை என்பது பொதுவாகக் கூறப்படும் மதிப்பீடாகும். திங்கள், புதன், சனி ஆகிய நாட்களின் இரவுகளில் அவை எல்லையைத் தாண்டி வரும். அந்நாட்களிற் சிறுதொழிலாளி கடனுக்கு வாங்கிய செவுள்வலையை விரிக்க அஞ்சிக் கரையில் இருக்க நேர்ந்தது. விரித்தவனின் வலை இழுவைமடியிற் சிக்கி அழிந்தது. இந்திய உள்ளூர்ப் பூசலைத் தணிக்க வகுக்கப்பட்ட நாட்பங்கீடே இலங்கைத் தொழிலாளியின் கிழமையையும் பங்கிட்டுவிட்டது என்பது இவ்வரலாற்றின் முரண்களில் ஒன்றாகும்.

இரு கரைத் தொழிலாளரும் நேரடியாகப் பேசித் தீர்வுகாண முயன்றமை குறிப்பிடத்தக்கது. 2004இலும் 2010 ஓகஸ்டிலும் தமிழகப் பிரதிநிதிகள் இலங்கை வந்தனர். 2010இல் ஓராண்டுள் இழுவைமடியைக் கைவிடுவதென்னும் இணக்கம் காணப்பட்டபோதிலும், அது அரசாங்கங்களின் அங்கீகாரமும் மாற்றுத்தொழில் உதவியுமின்றி ஏட்டளவில் நின்றது. 2014, 2015 ஆம் ஆண்டுகளிற் சென்னையிலும் கொழும்பிலும் நடந்த பேச்சுக்களில், மூன்றாண்டு அவகாசம் வேண்டும் என்னும் தமிழகத் தரப்பின் கோரிக்கையும், இனியொரு நாளும் இயலாது என்னும் வடபுலத் தரப்பின் நிலைப்பாடும் எதிரெதிரே நின்றன. இரு தரப்பினரும் ஒரு மொழி பேசுவோர் என்பதால் முரண்பாடு மறைந்துவிடவில்லை. எனினும் ஒரு மொழியிற் பேசியமையாலேயே ஒருவர் இழப்பை மற்றவர் மறுக்க இயலாதிருந்தது.

2016 நவம்பரில் இரு நாட்டு அமைச்சர்களும் கூட்டுச் செயற்குழுவொன்றை அமைக்க இணங்கினர். 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கை தன் கடலில் இழுவைமடித் தொழிலை முற்றாகத் தடைசெய்தது. 2018இல் அந்நியப் படகுகளுக்கான தண்டப்பணம் பன்மடங்காக உயர்த்தப்பட்டது. இந்தியா 2017இல் 2,000 இழுவைப்படகுகளை மூன்றாண்டுள் ஆழ்கடற் படகுகளாக மாற்றும் திட்டத்தைத் தொடங்கியது. படகொன்றின் விலை 80 இலட்சம் இந்திய ரூபா. அதில் 70 வீதத்தை மத்திய, மாநில அரசாங்கங்கள் ஏற்றபோதும் அத்திட்டம் இலக்கை எட்டவில்லை. ஓரிரு நாட் பயணத்துக்குப் பழகிய தொழிலாளி பல நாட்கள் கடலில் தங்கித் தூண்டிலாற் சூரை பிடிக்கும் தொழிலுக்கு மாறுவது எளிதன்று. மிகுதிக் கடனின் சுமையும் அச்சத்தை விளைத்தது.

தண்டனை எவர்மீது விழுகின்றது என்பதும் சிந்திக்கத்தக்கது. கடலிற் கைதாவோருட் பெரும்பாலோர் பங்குக்கூலி பெறும் தொழிலாளரே. படகுக்குடையவர் பலர் கரையில் இருப்பவர். சிறையிலிருக்கும் கூலியாளின் குடும்பமும், வலையறுந்த வடபுலத் தொழிலாளியின் குடும்பமும் ஒரே கருவியின் இரு பக்கத்துப் பலிகளே. இலங்கையின் தடைச்சட்டம் உள்ளூர் இழுவைப்படகுகள்மீது உறுதியாகச் செயற்படாத இடங்களில், அயலவரை நோக்கிய கோரிக்கையின் அறவலிமையும் குன்றுகின்றது.

இந்நெருக்கடி வேறு சுமைகளோடும் இணைந்துள்ளது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது வெளியிணைப்பு இயந்திரத்தை நம்பியோர் பெரிதும் பாதிக்கப்பட்டனர். ஆழங்குறைந்த கரைக்கடலில் விரிவடைந்த கடலட்டைப் பண்ணைகள் ஏற்றுமதி வருவாயைத் தந்தபோதிலும், சிறகுவலைக்கும் நண்டுவலைக்கும் உரிய பொதுவிடத்தைச் சுருக்குகின்றன என்னும் குற்றச்சாட்டுக்கு இலக்காயின. இறால் ஏற்றுமதிக்காகக் கடல் திறந்துவிடப்பட்ட பழைய அனுபவத்தை இது நினைவூட்டுகின்றது. ஏற்றுமதிப் பொருளின் பெயர் மாறினும், பொதுக்கடலை எவர் பயன்படுத்துவது என்னும் வினா மாறவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில உண்மைகள் தெளிவாகின்றன. பாக்கு விரிகுடாவின் பூசல் 1974இன் எல்லைக்கோட்டாலோ 2009இன் போர்முடிவாலோ தோன்றியதன்று. இறால் ஏற்றுமதியை முன்னிறுத்திய அபிவிருத்திக் கொள்கை, ஆழங்குறைந்ததொரு கடலுக்கு ஒவ்வாத கருவியை அரசின் பணத்தாலேயே பெருக்கியது. அக்கருவி முதலில் தன் கரையின் கட்டுமரத் தொழிலாளியையும், பின்னர் மறுகரையின் செவுள்வலைத் தொழிலாளியையும் பாதித்தது. எல்லைக்கோடு அப்பாதிப்புக்கு நாட்டுப்பகை என்னும் தோற்றத்தை அளித்தது. போர் அதனை ஒரு தலைமுறைக்காலம் வளரவிட்டது.

எனவே தீர்வும் இவ்வரலாற்றுக்கு அமைவாகவே காணப்படல் வேண்டும். கடற்படையின் ரோந்து படகுகளைத் திருப்பியனுப்பலாம். உழப்பட்ட அடித்தளத்தை அதனாற் சீராக்க இயலாது. கச்சதீவின் உரிமை எவ்வாறு தீர்க்கப்படினும் இழுவைமடி எஞ்சியிருக்குமாயின் மீன் எஞ்சாது. அரசாங்கங்கள் இக்கருவியைப் பெருக்கச் செலவிட்டதுபோல் அதனை அகற்றவும் செலவிடல் வேண்டும். படகுடையவருக்கு மட்டுமன்றிப் பங்குக்கூலியாளுக்கும் அவ்வுதவி சென்றடைதல் வேண்டும். இலங்கை தன் கரையின் இழுவைப்படகுகளையும் சட்டத்துக்குட் கொணர்தல் வேண்டும். இரு கரைத் தொழிலாளரும் பங்குகொள்ளும் நிலையான அமைப்பொன்று இக்கடலின் அடித்தளத்தை ஒரே அலகாகக் கருதிப் பேணுதல் வேண்டும். இவை நிகழாவிடின், போரின்பின் எஞ்சிய படகையும் வலையையும் கொண்டு வாழ்வைத் தொடங்கிய வடபுலக் குடும்பங்களின் பிள்ளைகள் தொழிலைக் கைவிட்டுக் கரையேறிவிடுவர். அப்போது எல்லைக்கோட்டின் இருபுறத்தும் காவல் இருக்கும்; காத்தற்குரிய வளமும் அதனை நம்பி வாழும் மக்களும் இரார்.